திட்டு வாங்கும் அறை

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்று கலைக்கூடத்தின் மேனேஜர் அம்மா அதைக் கேட்டார், தலையாட்டினார், சாயங்காலத்துக்குள் மறந்துபோனார். அதற்குப் பிறகு அவர் ‘மூணாம் ரூம்’ ஆகிவிட்டார். “மூணாம் ரூம் டீ குடிக்கப் போயிருக்கு”, “மூணாம் ரூமுக்கு இன்னைக்குச் சளி” என்று அஃறிணையில் பேசிக்கொள்வார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒண்டிக்கட்டைக்குப் பெயர் என்பது மழைக்காலத்துக் கூலிங்கிளாஸ் மாதிரி. பெட்டியில் இருக்கிறது, எடுத்து மாட்டத்தான் சந்தர்ப்பம் இல்லை.

கலைக்கூடம் முன்பு ஐஸ் கம்பெனியின் கிடங்காக இருந்தது. சுவருக்கு வெள்ளையடித்து, மேலே ஓடிய குழாய்களை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். குழாயை மூடினால் அது கிடங்கு, மூடாமல் விட்டால் கலைக்கூடம் என்று அவர் புரிந்துகொண்டார். நான்கு அறைகள். அறைக்கு ஒரு நாற்காலி, நாற்காலிக்கு ஓர் ஆள். யாரும் எதையும் தொடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. வருகிறவர்களோ தொட்டுப் பார்க்கும் அளவுக்கு எதன்மேலும் ஆசைப்பட்டதில்லை. ஆகவே மிஞ்சிய வேலை, உட்கார்ந்திருப்பது. அதில் அவருக்குப் பிறவித் திறமை இருந்தது.

அதற்கு முன் மருந்து மொத்தக்கடை ஒன்றில் பில் போட்டுக்கொண்டிருந்தார். கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தது, அவருக்கு ஓய்வு வந்தது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று ஒரு காலத்தில் சொந்தக்காரர்கள் எல்லாம் துளைத்தெடுத்தார்கள். கேட்டவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட, அவர் தயாரித்து வைத்திருந்த பதில் மட்டும் கையில் நின்றுவிட்டது. மாடியில் ஒற்றை அறை. கீழே வீட்டுக்காரர். அவர் இவரோடு பேசுவது தண்ணீர் மோட்டாரை நிறுத்துவதன் மூலம். எப்போதாவது போன் அடித்து, எடுத்தால் தப்பான நம்பராக இருந்தால், “யாரைத் தேடுறீங்க? நல்லா யோசிச்சுப் பாருங்க, அவசரமில்ல” என்று இவர் கொஞ்ச நேரம் இழுத்துப் பார்ப்பார்.

கலை அவருக்குப் பழகிவிட்டிருந்தது. கூரையிலிருந்து தொங்கிய கயிறு ஒன்றை ஒரு மாதம் காவல் காத்தார். உடைந்த கண்ணாடிக் குவியலை இன்னொரு மாதம். பிறகு, ஒரு மனிதன் நாள் முழுக்க வெங்காயம் உரிக்கிற டிவி ஒன்று. அந்த மாதம் அவருக்குக் கண் எரிந்தது, அது மனப்பிரமை என்று மேனேஜர் அம்மா சொல்லிவிட்டார்.

இந்தத் தடவை மூணாம் ரூமுக்கு வந்தவள் ஒரு குட்டை முடிக்காரி. முப்பது வயது இருக்கும். ஆர்ட்டிஸ்ட் என்றார்கள், உடம்பில் ஒரு சொட்டுப் பெயிண்ட் இல்லை. அறையைக் காலி செய்யச் சொல்லி, எதிர்ச்சுவரில் ஒரே ஒரு பழைய மரக்கதவை நிறுத்தி, ஒரு மங்கல் விளக்கைப் போட்டு, வேலை முடிந்தது என்றாள்.

“அண்ணே, நல்லா கேட்டுக்கங்க. இது நிஜக் கதவு இல்ல. சுவத்தோட ஒட்டினது, தொறக்காது.”

“தொறக்காத கதவுக்கு எதுக்கும்மா கைப்பிடி?”

“அதான் ஆர்ட்.”

அவர் தலையாட்டி வைத்தார்.

“மேல குட்டியா ஒரு பச்சை லைட் தெரியுதா? அது எரிஞ்சா ரெடின்னு அர்த்தம். அப்ப யாராச்சும் உள்ள வந்தா, கதவுக்குப் பின்னாலேருந்து ஒரு குரல் வரும். ஒரு தடவை பேசிட்டா லைட் அணைஞ்சிடும். ரூம்ல அஞ்சு நிமிஷம் அசைவே இல்லாம இருந்தாத்தான் மறுபடி எரியும்.”

“நடுவுல யாராச்சும் வந்தா?”

“பேசாது. அசைவு பட்டா அஞ்சு நிமிஷம் திரும்ப முதல்லேருந்து. கூட்டமா வந்து நின்னா வாயே தொறக்காது. தனியா வர்றவங்களுக்காகச் செஞ்சதுண்ணே இது. அதனால நீங்க உள்ள உட்காரவே கூடாது. நாற்காலி வெளிய, வராந்தாவுல. சரியா?”

“சரி” என்றார். அப்போது அதை மனசாரத்தான் சொன்னார்.

முதல் நாள் காலை, திறப்பதற்கு முன், கதவின் கைப்பிடியைத் துடைக்கலாம் என்று துணியோடு உள்ளே போனார். நாலு எட்டு வைத்திருப்பார்.

“வந்தாச்சா? மணி என்ன ஆகுதுன்னு பார்த்தியா?”

கையிலிருந்த துணி கீழே விழுந்தது. கொஞ்சம் கரகரப்பான பெண்குரல். கையில் ஏதோ வேலை இருக்கிற, அதை விட்டுவிட்டு எட்டிப் பார்க்க நேரமில்லாத குரல். வருவது யாரென்று பார்க்காமலே தெரிந்து வைத்திருக்கிற குரல்.

“பஸ் லேட்டு” என்றார்.

சொன்னது பொய். அவர் நடந்துதான் வந்திருந்தார். வராந்தாவுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் விஷயம் உறைத்தது. அறுபதைத் தொடப்போகிற வயதில், நேரம் கழித்து வந்ததற்காக வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு பொய் சொல்லியிருக்கிறார். அதுவும் ஒரு கதவிடம். சிரித்துக்கொண்டார். மத்தியானம் டீ குடித்துவிட்டு வந்ததும், பச்சை லைட் எரிகிறதா என்று சும்மா எட்டிப் பார்த்தார். எரிந்தது. சும்மா உள்ளே போனார்.

“நிக்காதே அங்க. உட்காரு.”

உட்கார அங்கே ஒன்றும் இல்லை. அந்த நியாயத்தின்பேரில்தான் நாற்காலி உள்ளே வந்தது. முதலில் முன்னங்கால்கள் இரண்டும் வாசல்படிக்கு உள்ளே, பின்னங்கால்கள் வராந்தாவில். பாதி ஒழுங்கு மீறலுக்குப் பாதிக் குற்றம்தானே! மறுநாள் பின்னங்கால்களும் வந்துவிட்டன. வார முடிவில் நாற்காலி அறையின் நட்டநடுவில், கதவைப் பார்த்தபடி, ஏதோ பெண் பார்க்க வந்தது மாதிரி உட்கார்ந்திருந்தது.

அசையாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அப்போதுதான் தெரிந்தது. அத்தனை வருஷம் சும்மா உட்கார்ந்திருந்ததாக நினைத்ததெல்லாம் வெறும் ஆட்டம். மூக்கு அரிக்கும். காதோரம் ஈ உட்காரும். தொண்டையில் எச்சில் இறங்குவதைக்கூட, லைட்டுக்குப் பக்கத்தில் அசைவைக் கவனிக்கும் அந்தச் சின்னக் கண் பார்த்துவிடுமோ என்று பயமாக இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சை மெல்ல விட்டு, லைட் பச்சையானதும் வலது காலை மட்டும் தூக்குவார், கதவு பேசும்.

“இந்தச் சட்டை இன்னுமா உடம்புல கிடக்கு? கழட்டிப் போடு, துவைக்கணும்.”

“நேத்துதான் போட்டேன்.”

“முடி என்ன இது, காடு மாதிரி? போய் வெட்டிட்டு வா.”

“போறேன், போறேன்.”

மொத்தம் ஏழெட்டு வசனங்கள்தான் மாறி மாறி வரும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அதனால் என்ன? வீடுகளில் மட்டும் தினமும் புதுசு புதுசாகவா பேசுகிறார்கள்?

முடி வெட்டப் போனார். கடைக்காரர் பழைய பழக்கம். முடி காதை மூடி, காலரையும் எட்டிய பிறகுதான் இவர் வருவார் என்று தெரிந்தவர்.

“என்ன சார், இவ்வளவு சீக்கிரம்? ஏதும் விசேஷமா?”

“வீட்ல சொன்னாங்க.”

கத்தரிக்கோல் நின்றது. கண்ணாடியில் கடைக்காரரின் முகம் தெரிந்தது. “வீட்லயா?”

“பின்னால கொஞ்சம் குறைங்க” என்று இவர் கண்ணை மூடிக்கொண்டார்.

இதற்கிடையில் அவர் கவனிக்காத ஒன்று நடந்துகொண்டிருந்தது. பார்வையாளர்கள் வருகிறார்கள். வெளியே சுவரில் ‘இந்த அறை உங்களோடு பேசும்’ என்று எழுதியிருக்கிறது. உள்ளே வருகிறார்கள். அந்தச் சமயம் பெரும்பாலும் இவர் வசனத்தைக் கேட்டு முடித்து, அடுத்ததற்காகச் சிலையாகிக்கொண்டிருப்பார். லைட் அணைந்திருக்கும். அறை பேசாது. வந்தவர்களுக்குத் தெரிவது ஒரு கதவு, அதற்கு முன்னால் இமைகூடக் கொட்டாமல் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள்.

முதலில் ஒரு ஜோடி அவரைச் சுற்றிவந்து பார்த்தது. பேன்ட் ஜிப் போடவில்லையோ என்று அவருக்குச் சந்தேகம், குனிந்து பார்த்தால் ஐந்து நிமிஷம் போய்விடும் என்று சகித்துக்கொண்டார். இன்னொருத்தி பக்கத்தில் வந்து, கண்ணுக்கு நேரே குனிந்து, “எவ்வளவு தத்ரூபமா இருக்கு!” என்றாள். சுருள்தாடி வைத்த ஒருவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து அவரையே வெகுநேரம் பார்த்தார். போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாவம், என்ன கஷ்டமோ என்று நினைத்தார் மூணாம் ரூம்.

அந்தத் தாடி ஒரு பத்திரிகையின் கலை விமர்சகர். ஞாயிற்றுக்கிழமை அரைப் பக்கம் வந்தது, போட்டோவோடு. மேனேஜர் அம்மா எல்லோரையும் கூட்டி வைத்து வாசித்தார்:

“‘பேசுவதாக வாக்களித்துவிட்டு, பேச மறுக்கும் அறை. திறக்காத கதவின் முன், வராத ஒரு குரலுக்காக உறைந்திருக்கும் முதியவர். இந்த ஆண்டின் ஆகத் துணிச்சலான மௌனம் இது.’ அடேங்கப்பா!”

“முதியவரா?” என்றார் அவர்.

“அதுவா இப்ப முக்கியம்? போன் அடிச்சுக்கிட்டே இருக்கு சார்!”

சார். அந்தக் கட்டடத்தில் முதல் முறையாக ஒருவர் அவரை அப்படிக் கூப்பிட்டது.

கூட்டம் என்ற சொல்லே அதுவரை புழங்காத இடத்தில் கூட்டம் வந்தது. வராந்தாவில் வரிசை நின்றது. விசுக் விசுக்கென்று நிழல்கள் உள்ளே வந்தபடியும் போனபடியும் இருந்ததில், அறை ஒரு நிமிஷம்கூட அசைவற்று இருக்கவில்லை. பச்சை லைட் எரியவே இல்லை. காலையிலிருந்து மாலை வரை நூறு பேர் தன்னைப் பார்க்க, நடுவில் உட்கார்ந்துகொண்டு மூணாம் ரூம் ஒரு திட்டுக்காக ஏங்கினார். எழுந்து வெளியே போகலாம் என்றால், “சார், அசையாதீங்க, ஒரே ஒரு போட்டோ” என்பார்கள்.

செவ்வாய்க்கிழமை குட்டை முடிக்காரி வந்தாள். அறையின் நடுவில் நாற்காலியைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. ஏதோ கேட்க வாயெடுத்தாள். மேனேஜர் அம்மா அதற்குள் பத்திரிகையை நீட்டி, வேறொரு நகரத்துப் பெரிய கலைக்கூடம் இதை அப்படியே கேட்டிருப்பதாகச் சொன்னார். அவள் விமர்சனத்தை இரண்டு தடவை படித்தாள். அறையை ஒரு சுற்றுச் சுற்றினாள். கொஞ்ச நேரம் கழித்து, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது மாதிரி, “குரல் இருந்தா எல்லாத்தையும் சொல்லிடுது. இதுதான் சரி. குரல் வேணாம்” என்றாள்.

“வேணாமா?” என்றார் மூணாம் ரூம்.

“ஆமாண்ணே. மெஷின் எப்பவோ ரிப்பேர் ஆயிடுச்சு போல, அதுவும் நல்லதுக்குத்தான். வியாழக்கிழமை டெக்னீஷியனைக் கூட்டிட்டு வந்து எல்லாத்தையும் கழட்டிடுறேன். நீங்க இதே மாதிரி சும்மா உட்கார்ந்தா போதும். அங்கயும் வரணும், டிக்கெட் எடுத்துத் தந்திடுவாங்க.”

“சும்மா உட்கார்றதுல சாரை அடிச்சுக்க ஆளே இல்ல” என்றார் மேனேஜர் அம்மா பெருமையாக.

வாயைத் திறந்தால் ‘சார்’ போய்விடும், ஒருவேளை வேலையும் போய்விடும். திறக்காவிட்டால் குரல் போய்விடும். இரண்டையும் மனசுக்குள் நிறுத்துப் பார்த்தார். தராசு முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்தும் நாக்கு எழவில்லை. வேறொன்றைத்தான் கேட்டார்.

“அந்தக் குரல்... அது யாரும்மா?”

“எங்க பெரியம்மா. என்னை வளர்த்தவங்க.”

“இப்ப அவங்க...?”

“அய்யோ, இருக்காங்கண்ணே. நல்லாத்தான் இருக்காங்க. பஸ்ல போனா அரை மணி நேரம்.” போனைப் பார்த்தபடி சேர்த்துக்கொண்டாள்: “போகத்தான் நேரம் அமைய மாட்டேங்குது.”

வியாழக்கிழமை அவர் வழக்கத்தைவிட முன்னாலேயே வந்துவிட்டார். கழட்டுவதற்குள் ஒன்றிரண்டு வசனமாவது கேட்டுவிட வேண்டும். அறைக்குள் போகப் போனவரை வாசல்பக்கமிருந்து வந்த குரல் அப்படியே நிறுத்தியது.

“ஏம்ப்பா தம்பி, இங்க என் குரல் எந்த ரூம்ல இருக்கு?”

திரும்பினார். கிட்டத்தட்ட எழுபது வயது. குள்ளம். ஒரு கையில் குடை, ஒரு கையில் பை. இடது காலைச் சற்று இழுத்து நடந்தார். இத்தனை நாளாக அந்தக் குரலுக்கு இவர் மனசில் ஒரு முகம் செய்து வைத்திருந்தார். அதில் ஒரு மூக்குகூடச் சரியாக இல்லை.

“உங்களைத்தான். காது கேக்குமா, கேக்காதா?”

“கேக்கும்மா. இந்த ரூம்தான். வாங்க.”

“பக்கத்து வீட்டுக்காரி பேப்பரைத் தூக்கிட்டு வந்து, உங்க பொண்ணு பேர் வந்திருக்குன்னா. படிச்சுப் பார்த்தா, யாரோ ஒரு கிழவன் உட்கார்ந்திருக்கான், உட்கார்ந்திருக்கான்னு அரைப் பக்கத்துக்கு எழுதியிருக்கான். என்னைப் பத்தி ஒரு வரி இல்ல.”

“அந்தக் கிழவன் நான்தாங்க.”

பெரியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். “போட்டோல இன்னும் வயசா தெரிஞ்சீங்க” என்றார் ஆறுதலாக.

இருவரும் உள்ளே போனார்கள். சற்று முன்புதான் சுத்தம் செய்கிறவர் உள்ளே கூட்டிவிட்டுப் போயிருந்ததில் லைட் அணைந்திருந்தது. பெரியம்மா கதவின் முன் போய் நின்றார். தலையைச் சாய்த்துக் கேட்டார். கைப்பிடியை ஒரு தடவை திருகிப் பார்த்தார். தொடக் கூடாது என்று சொல்லும் கடமை தனக்கு இருப்பது மூணாம் ரூமுக்கு ஞாபகம் வரவில்லை.

“எங்க? ஒண்ணையும் காணோமே. எடுத்துட்டாளா?”

அந்தக் குரல் அவ்வளவு சின்னதாகி இவர் கேட்டதே இல்லை.

“இல்லைம்மா, இருக்கு. கண்டிப்பா இருக்கு. ஒரு அஞ்சு நிமிஷம் நாம அசையாம இருக்கணும், அவ்வளவுதான்.” ஓடிப்போய் நாலாம் ரூம் நாற்காலியைத் தூக்கிவந்து தன்னுடையதன் பக்கத்தில் போட்டார். “உட்காருங்க. மேல அந்த லைட் பச்சையாகணும்.”

உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் போனது.

“இந்தக் கதவு எங்க வீட்டுப் பின்கதவு மாதிரியே இருக்கு” என்றார் பெரியம்மா, கையை நீட்டிக் காட்டி.

“அசையக் கூடாதும்மா.”

“நான் எங்க அசைஞ்சேன்? கை காட்டினேன்.”

“கையும் காட்டக் கூடாது. மறுபடி முதல்லேருந்து.”

“இதென்ன அக்கிரமம்! சரி. இருக்கேன்.” இருந்தார். பிறகு, “அன்னைக்கு மைக்கைக் கொண்டாந்து வெச்சு, ‘நான் வீட்டுக்கு வந்தா என்னவெல்லாம் சொல்வே, சொல்லு’ன்னா. வந்தாத்தானே சொல்றதுக்கு? அன்னைக்கு வந்ததோட சரி. ரெண்டு வருஷத்துக்குச் சேர்த்து வெச்சதை எல்லாம் ஒரே மூச்சுல சொன்னேன். பாதியை வெட்டிட்டாளாம்” என்றார், தலையை ஆட்டி ஆட்டி.

“தலை, தலை...”

“ஆமா, தலை. உங்க பொண்டாட்டி எப்படித்தான் உங்களோட பொழுது போக்குறாளோ!”

பல வருஷமாகத் தயாராக இருந்த அந்தப் பதில், கேட்கும்போது கைக்குக் கிடைக்கவில்லை.

மூன்றாவது தடவை பெரியம்மா பையை மடியில் இறுக்கி, உதட்டைக் கடித்து, கண்ணை மூடிக்கொண்டார். அறை அமைதியானது. பக்கத்தில் ஒரு மனுஷி மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது. மூணாம் ரூம் தன் வாழ்நாளில் அவ்வளவு அசையாமல் இருந்ததில்லை, அத்தனை வேகமாக அவர் இதயம் அடித்ததும் இல்லை. பச்சை லைட் எரிந்தது. காலைத் தூக்கலாம். ஆனால் இது அவருடைய முறை இல்லை. பெரியம்மாவே தூக்கட்டும் என்று கண்ஜாடை காட்டப் பார்த்தார். அவரோ கண்ணைத் திறக்கக் காணோம்.

வராந்தாவில் காலடிச் சத்தம். குட்டை முடிக்காரி முன்னால், ஏணியோடு டெக்னீஷியன் பின்னால். அவள் போனில் எதையோ தட்டிக்கொண்டே உள்ளே கால் வைத்தாள்.

“நான் ஒருத்தி இங்க இருக்கிறது ஞாபகம் இருக்கா?”

போன் கையிலிருந்து நழுவி, இன்னொரு கையில் விழுந்தது. டெக்னீஷியன், “யாருங்க அது?” என்று ஏணியைக் கீழே வைத்துவிட்டான். குட்டை முடிக்காரி குரல் வந்த கதவைப் பார்த்தாள். பிறகு, மங்கல் வெளிச்சத்தில் இரண்டு நாற்காலிகளையும் பார்த்தாள்.

பெரியம்மா கண்ணைத் திறந்தார். “பரவாயில்லையே. நல்லாத்தான் பேசியிருக்கேன்.”

“பெரியம்மா! நீ எப்படி இங்க...”

“பஸ்ல.”

“ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?”

“பண்ணினேன். எடுக்கல.”

அவள் போனைப் பார்த்தாள். அதில் அதற்குச் சாட்சி இருந்திருக்க வேண்டும், பார்வையைத் தூக்கவில்லை. அதற்குள் மேனேஜர் அம்மாவும் வந்துவிட்டார். “மெஷின் வேலை செய்யுதே! எப்படி?” என்றார்.

மூணாம் ரூம் எழுந்து நின்றார்.

“மெஷின்ல கோளாறு இல்லைங்க. எப்பவும் இருந்ததில்ல. நான்தான் நாற்காலியை உள்ள போட்டேன். அது பேசப் பேச நானே கேட்டு முடிச்சிட்டேன். வந்தவங்களுக்கு ஒண்ணும் மிச்சம் வைக்கல. பேப்பர்க்காரர் எழுதினாரே, துணிச்சல், அது இதுன்னு... அது துணிச்சல் இல்லைங்க. அடுத்த திட்டுக்காக அசையாம இருந்தேன்.”

“திட்டுக்காகவா?” என்றார் மேனேஜர் அம்மா. “எதுக்குங்க?”

இதற்கு ஏதாவது தமாஷாகச் சொல்லித் தப்பிக்க வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார். அவருக்கு அது கைவந்த கலை. அன்று பார்த்து வரவில்லை.

“வீட்ல திட்ட ஆள் இல்லைங்க.”

யாரும் சிரிக்கவில்லை. டெக்னீஷியன் ஏணியின் திருகாணி ஒன்றை மும்முரமாக ஆராய்ந்தான். பெரியம்மா மட்டும் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

“அது உங்களை என்ன சொல்லிச்சு?”

“முடி வெட்டிக்கச் சொன்னீங்க.”

“வெட்டினீங்களா?”

“வெட்டினேன்.”

பெரியம்மா குடையை ஊன்றி எழுந்து, சுற்றி வந்து அவர் பிடரியைப் பார்த்தார். “யார்கிட்ட வெட்டினது? பின்னால ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கிக் கிடக்கு. காசை வாங்கிட்டு ஏமாத்தியிருக்கான். பார்த்து வெட்டச் சொல்றதில்லையா?”

“இல்லைம்மா” என்றார். கை தானாகப் பிடரிக்குப் போனது.

குட்டை முடிக்காரி போனை ஜீன்ஸ் பாக்கெட்டில் போட்டாள். பிறகு டெக்னீஷியனிடம், “நீ ஏணியை எடுத்துட்டுப் போ” என்றாள்.

“அந்தப் பெரிய கேலரிக்காரங்க? அவங்க மௌனத்தைத்தானே கேட்டிருக்காங்க?” என்று மேனேஜர் அம்மா பதறினார்.

“நான் பேசிக்கிறேன். வேணும்னா எடுத்துக்கட்டும், வேணாம்னா போகட்டும்.” மூணாம் ரூமைப் பார்த்தபோது அவள் கண்ணில் கோபம் இருந்தது, வேறு ஏதோவும் இருந்தது. “நாற்காலி வெளியண்ணே.”

“சரிம்மா.”

அவள் பெரியம்மாவின் பையை வாங்கிக்கொண்டாள். “வா, உன்னைக் கொண்டுபோய் விடுறேன்.”

“விட்டுட்டு உடனே ஓடிடுவியா, இல்ல உட்காருவியா?”

“உட்கார்றேன், வா.”

“பார்ப்போம், பார்ப்போம். இந்த ஜீன்ஸ் என்ன இது, முட்டியெல்லாம் கிழிஞ்சு...”

படி இறங்கும் வரை அந்தக் குரல் கேட்டது. தெருவில் கேட்டது. பஸ் ஸ்டாப் பக்கம் தேய்ந்துபோனது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவரை நோக்கிப் பெரியம்மா திரும்பவில்லை. திரும்புவதற்கு அவருக்கு ஒரு காரணமும் இல்லை. பக்கத்தில்தான் திட்டுவதற்கு ஆள் கிடைத்துவிட்டதே.

“மூணாம் ரூம்,” என்றார் மேனேஜர் அம்மா, “அந்த நாலாம் ரூம் நாற்காலியைத் திருப்பிக் கொண்டுபோய்ப் போட்டுடு.” வேலையை விட்டு அனுப்பவில்லை. அந்தச் சம்பளத்துக்கு வேறு ஆள் கிடைப்பது கஷ்டம் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வராந்தாவில் உட்கார்ந்தால் சுவர்தான் தெரியும். கூட்டம் இரண்டு நாளில் வடிந்துவிட்டது. பத்திரிகை படித்து வந்தவர்கள் சிலர், “அந்த முதியவர் எங்க?” என்று அவரிடமே கேட்டார்கள். “லீவு” என்றார். ஒருவர், இருவர் என்று வந்தார்கள். உள்ளே குரல் அவர்களைத் திட்டியது. அவருக்குச் சுவர் வழியாக ஒரு முணுமுணுப்பாகத்தான் வரும். எந்த வசனம் என்று நீளத்தை வைத்துக் கணக்குப் போடுவார். சிலர் சிரித்தபடி வந்தார்கள். சிலர் “மெஷின்தான்” என்றபடி வந்தார்கள். ஒருவருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. அவருக்குப் பொறாமையாக இருந்தது. தன் வீட்டுக்குள் அந்நியர்கள் போய் வருகிற மாதிரி. பிறகு, அது யாருடைய வீடும் இல்லை என்று ஞாபகம் வரும்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், கழுத்தில் அலுவலக அடையாள அட்டை தொங்கிய ஒரு பெண் தனியாக வந்தாள். நாற்பதைத் தாண்டியிருக்கும். சாப்பாட்டு இடைவேளையில் வெயிலுக்கு ஒதுங்கியவள் மாதிரி இருந்தாள். உள்ளே போனாள். முணுமுணுப்பு கேட்டது. வெளியே வரவில்லை.

எதையாவது தொடுகிறாளோ என்று எட்டிப் பார்த்தார். அவள் எதையும் தொடவில்லை. சுவரோரம் தரையில் உட்கார்ந்து, அடையாள அட்டையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தலையை உயர்த்தி லைட்டையே பார்த்தபடி இருந்தாள். அசையவில்லை. மூக்கின்மேல் ஓர் ஈ உட்கார்ந்திருந்தது. அதை விரட்டவும் இல்லை.

அவர் சத்தம் போடாமல் பின்வாங்கினார்.

படியேறி மூன்று இளைஞர்கள் வந்தார்கள், கேமராவும் சிரிப்புமாக. இவர் எழுந்து வாசலை மறித்து நின்றார்.

“உள்ள ஆள் இருக்காங்க. கொஞ்சம் நேரமாகும்.”

“பரவாயில்ல அங்கிள், நாங்க ஓரமா நின்னு பார்த்துக்கிறோம்.”

“முடியாதுப்பா. ஒருத்தர் போனா ஒருத்தர்தான். அதுவரைக்கும் நாலாம் ரூமைப் பாருங்க, அங்க ஒரு சைக்கிள் டயர் இருக்கு.”

“அப்படி உள்ள என்னதான் பண்றாங்க?”

“திட்டு வாங்கிட்டு இருக்காங்க.”

பையன்கள் சிரித்துக்கொண்டே டயரைப் பார்க்கப் போனார்கள். அவர் நாற்காலியைத் தரையில் இழுக்காமல் இரண்டு கையாலும் தூக்கி, வாசலுக்குக் குறுக்கே வைத்தார். வராந்தாவில் எவ்வளவு அசைந்தாலும் அந்தக் கண்ணுக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் உட்கார்ந்து, கைகளை முழங்காலில் வைத்து, மூச்சைச் சின்னதாக்கிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே முணுமுணுப்பு எழுந்தது. அது அடங்கியதும் இன்னொரு குரல், மெதுவாக, ஏதோ சமாதானம் சொல்லத் தொடங்கியது.